வார்மருக்கு நாள் வாடகை

என் நெஞ்சில் அப்படி என்ன கிருமி இருந்தது? இன்றுவரை ஒருவரும் சொல்லவில்லை.

என் மகள் எட்டாம் மாதத்திலேயே பிறந்துவிட்டாள். எடை 1.7 கிலோ. சிசேரியன் மேசையில் அசைய முடியாமல் கிடந்த எனக்குத் துணியில் சுற்றிய முகத்தை ஒரு கணம் காட்டி, "பொண்ணும்மா" என்று சொல்லி எடுத்துக்கொண்டு போனார்கள். அதோடு சரி. அதற்கப்புறம் பெற்ற பிள்ளையைப் பார்க்க எனக்குப் 'பார்வையாளர் நேரம்' ஒதுக்கினார்கள். காலையில் கொஞ்சம், சாயங்காலம் கொஞ்சம், அதுவும் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று. வயிற்றுத் தையலைப் பிடித்துக்கொண்டு நடந்து போவேன். "ஒரே ஒரு தடவை தூக்கிக்கட்டுமா சிஸ்டர்?" "தொட்டா இன்ஃபெக்‌ஷன் ஆயிடும்மா, வேற ஒண்ணும் இல்ல." ஷிஃப்ட் மாறி மாறி எத்தனையோ கைகள் அவளைத் தொட்டன. அவளைச் சுமந்த உடம்புக்கு மட்டும் தடை.

நான் அழுதேன். "அழுதா பால் வத்திடும்" என்றார்கள். பால் வற்றத்தான் செய்தது. குளியலறைத் தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு பம்பை வைத்துப் பிழிந்தால் பிள்ளை முகம் தெரியாத மாருக்குப் பால் எங்கிருந்து வரும்? சொட்டுச் சொட்டாக வந்த சீம்பாலைப் பார்த்து, "இது பத்தாது, பவுடர் வாங்கிட்டு வரச் சொல்லுங்க" என்று சீட்டு எழுதினார்கள். என் வீட்டுக்காரருக்குக் கொடுத்த ஒரே வேலை, கீழே மருந்துக்கடைக்கும் பணம் கட்டும் கவுன்ட்டருக்கும் ஓடுவது. அப்பாவின் வெறும் மார்பிலும் பிள்ளை கதகதப்பாகப் படுத்திருக்கும் என்று யார் அவரிடம் சொன்னார்கள்? என்னால் எழுந்திருக்க முடியாத முதல் நாளில் அவராவது சட்டையைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருப்பார்.

இதெல்லாம் எனக்குத் தெரிய வந்தது வீட்டுக்கு வந்து, பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு படிக்க ஆரம்பித்த பிறகுதான். 1978இல், கொலம்பியாவின் பொகோட்டாவில், இன்குபேட்டர் போதாத ஓர் ஆஸ்பத்திரியில் எட்கர் ரே சனாப்ரியா என்ற டாக்டர், குறைமாதப் பிள்ளைகளைத் தாயின் மார்போடு தோலும் தோலும் ஒட்ட வைத்துக் கட்டச் சொன்னார். கங்காரு பராமரிப்பு என்று இன்று உலகமெல்லாம் சொல்வது அதைத்தான். பிள்ளையின் சூடு இறங்காது, மூச்சும் இதயத்துடிப்பும் சீராகும், தாய்க்குப் பால் ஊறும். நம் மத்திய சுகாதார அமைச்சகமே 2014இல் இதற்கு வழிகாட்டி நூல் போட்டிருக்கிறது. உங்கள் அலமாரியில் அது இல்லையா, டாக்டர்?

2021இல் வந்த ஆய்வைப் படித்த இரவு நான் தூங்கவில்லை. டெல்லி சஃப்தர்ஜங் ஆஸ்பத்திரியிலும் ஆப்பிரிக்காவின் நான்கு நாடுகளிலும் நடந்தது. ஒரு கிலோவிலிருந்து 1.8 கிலோவுக்குள் பிறந்த பிள்ளைகள். என் மகளும் அந்தக் கணக்குக்குள் வருகிறவள்தான். பிறந்த உடனேயே தாயின் மார்பில் வைத்தவர்களில் 28 நாளுக்குள் இறந்தது நூற்றுக்கு 12. உடல்நிலை சீரான பிறகு வைத்தவர்களில் 15.7. வித்தியாசம் அவ்வளவு தெளிவாக இருந்ததால் ஆய்வையே முன்கூட்டி நிறுத்திவிட்டார்கள். எதைச் சொல்லி என்னைத் தள்ளி நிறுத்தினீர்களோ, அந்தக் கிருமித்தொற்றுச் சந்தேகமும் உடனே வைத்தவர்களிடம்தான் குறைவு. இன்னொன்றையும் கவனியுங்கள். அந்த ஆய்வில் பின்தங்கிய பக்கத்தில் இருந்த தாய்களுக்குக்கூடக் கொஞ்சம் தாமதமாகவாவது பிள்ளை மார்புக்கு வந்தது. எனக்கு அதுவும் இல்லை.

மூச்சுத் திணறல் இருந்ததே என்பீர்கள். முதல் இரண்டு நாள் இருந்தது, மறுக்கவில்லை. மூச்சுக்கு உதவும் குழாயை மாட்டியபடியே தாயின் மார்பில் வைக்கிற இடங்கள் இருக்கின்றன. சரி, அந்த இரண்டு நாளை விட்டுவிடுகிறேன். மிச்ச நாளுக்கு என்ன பதில்? அறையில் இடம் இல்லை, நாற்காலி போட வழியில்லை, தாய்மார் உள்ளே வந்தால் வேலை கெடும். இதைச் சொல்லியிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். கிருமி என்று சொல்லி என் உடம்பையே எனக்கு அசிங்கமாக்கினீர்கள். எத்தனை தடவை சோப்புப் போட்டுக் கழுவினேன் தெரியுமா இந்த மாரை?

கடன் வாங்கி, வளையலை அடகு வைத்து உங்களிடம் வந்தோம். "பெரிய ஆஸ்பத்திரி, நல்லா பாத்துப்பாங்க" என்றார்கள். எங்கள் தெருவில் ஒருத்திக்கும் இதே மாதிரி குறைமாதம்தான், அரசு ஆஸ்பத்திரியில். ஒரு பைசா கட்டாதவள் நைட்டியின் முன்பக்கத்தைத் திறந்து, பிள்ளையை உள்ளே வைத்துத் துணியால் கட்டிக்கொண்டு நாள் முழுக்கச் சாய்வு நாற்காலியில் இருந்தாளாம். கேட்டதும் என் வயிறு எரிந்தது. அவள்மேல் பொறாமைதான், ஒளிப்பானேன்?

உங்கள் பில்லை இன்னும் வைத்திருக்கிறேன். வார்மருக்கு நாள் வாடகை, மானிட்டருக்குத் தனி, கையுறைக்குத் தனி. பிள்ளையைச் சூடாக வைத்திருக்க என் உடம்பு அடுத்த மாடியில் சும்மாதானே படுத்திருந்தது? அதற்கு வாடகை போட முடியாது என்பதாலா?

இப்போது அடுத்த பிரசவத்துக்கும் அங்கேயே போகலாம் என்கிறார் மாமியார். போகிறேன் அத்தை. சேருமுன், பிறந்ததும் என் மார்பில்தான் கிடத்துவோம், என்னால் முடியாவிட்டால் அப்பாவின் மார்பில் என்று தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரட்டும். "அதெல்லாம் எங்க ரூல்ஸ்ல இல்லம்மா" என்றால், அந்த ரூல்ஸை எழுதியவர் யார் என்று கேட்பேன். அவர் அறைக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போகும்வரை ரிசப்ஷனை விட்டு நகர மாட்டேன்.