ஒப்புக்குச் சப்பாணியா இரண்டாம் ஆள்?

சென்ற பொங்கல் விடுமுறைக்குச் சென்னையில் அக்காள் வீட்டுக்குப் போயிருந்தேன். அக்காளுக்குத் திருமணமாகி எட்டு மாதங்கள் ஆகியிருந்தன. மாமா ஒரு மென்பொருள் நிறுவனத்தில் பணிபுரிகிறார். நல்ல மனிதர், குடி, சீட்டு என்று எதுவும் கிடையாது. ஒரே ஒரு பழக்கம்தான். இரவு உணவு முடிந்ததும் தொலைக்காட்சியின் முன் அமர்ந்து பிளேஸ்டேஷனை முடுக்கினால் 12 மணி வரை எழமாட்டார். “உங்க அக்கா தனியா உட்கார்ந்திருக்காளேன்னு ரெண்டாவது கன்ட்ரோலரும் வாங்கிட்டேன், மாப்ளே” என்றார் பெருமையாக.

அன்றிரவு அருகிலிருந்து பார்த்தேன். டயப்ளோ என்ற விளையாட்டு. திரை முழுவதும் அரக்கர் கூட்டம். மாமாவின் வீரன் புயலாய்ப் பாய்ந்து வெட்டிச் சாய்க்கிறான். அக்காளின் மந்திரக்காரி பின்னாலேயே ஓடுகிறாள். அவள் கை ஓங்குவதற்குள் எதிரே யாரும் உயிரோடு இல்லை. பத்து நிமிடம் பொறுத்தாள். பிறகு கன்ட்ரோலரை மடியில் வைத்துவிட்டு, மறுநாள் சமையலுக்கு அவரைக்காய் ஆயத் தொடங்கினாள். ஆட்டம் நிற்கவில்லை. மாமா அதைக் கவனிக்கவும் இல்லை.

சிறு வயதில் தெருவில் ஆடும்போது, அழுது அடம்பிடிக்கும் சின்னப் பிள்ளையை ‘ஒப்புக்குச் சப்பாணி’ என்று ஆட்டத்தில் சேர்த்துக்கொள்வோம். அவன் அவுட்டானாலும் கணக்கில்லை; ஓடினாலும் கணக்கில்லை. அந்த இடத்தில் அன்று என் அக்காள் அமர்ந்திருந்தாள். ‘இருவர் ஆடலாம்’ என்று பெட்டியின் மேல் அச்சிட்டிருப்பது வேறு. ஆட்டத்துக்கு இருவரும் வேண்டும் என்பது வேறு. கணவன் மனைவிக்கு விளையாட்டுத் தேர்ந்தெடுப்போர் இந்த வேறுபாட்டைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. ஒருவர் கையை எடுத்துவிட்டால் ஆட்டம் நிற்கிறதா, நடக்கிறதா? நடக்கிறதென்றால் அது ஒருவர் ஆட்டமே.

இதில் பெரிய நிறுவனங்களும் விலக்கல்ல. 2007-இல் நின்டெண்டோ வெளியிட்ட சூப்பர் மேரியோ கேலக்ஸியில் இரண்டாம் ஆளுக்கு உருவமே கிடையாது. மேரியோ கோள்விட்டுக் கோள் தாவ, மற்றவர் திரையைச் சுட்டிச் சுட்டிச் சிதறிக் கிடக்கும் நட்சத்திரத் துணுக்குகளைப் பொறுக்கலாம். குழந்தைக்கு அது போதும். மனைவிக்குப் போதுமா?

மறுநாள் மாமாவே பேச்சை எடுத்தார். “நீதான் எதையாவது படிச்சிக்கிட்டே இருப்பியே, நல்லதா ஒண்ணு சொல்லு” என்றார். பாத்திரமேற்று ஆடும் விளையாட்டுகள் மேல் அவருக்குக் காதல். முதலில் பால்டர்ஸ் கேட் 3-ஐத்தான் எடுத்தார். பெல்ஜியம் நாட்டு லாரியன் நிறுவனம் 2023-இல் வெளியிட்டது. 1974-இல் அமெரிக்காவில் கைகாக்ஸ், ஆர்னெசன் என்ற இருவர் உருவாக்கிய ‘டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்’ என்னும் மேசை விளையாட்டின் வழிவந்தது. 20 முகங்கள் கொண்ட தாயக்கட்டையை உருட்டி வெற்றி தோல்வி காண்கிறார்கள். சண்டை முறை வைத்து நடக்கிறது. ஆகவே கைவேகம் இல்லாதவருக்கும் யோசிக்க நேரம் உண்டு. அந்த வகையில் டயப்ளோவைவிட ஆயிரம் மடங்கு மேல்.

ஆனால் அங்கே வேறொரு சுவர் நின்றது. அந்த ஆட்டம் பேச்சால் ஆனது. பக்கம் பக்கமாய் ஆங்கில உரையாடல். தமிழ் எழுத்து ஒன்றுகூட இல்லை. எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அக்காள் பத்தாம் வகுப்போடு நின்றவள். ஆங்கிலத்தை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். அவள் ஒரு வரியை முடிப்பதற்குள் மாமா விடையை அழுத்திவிடுகிறார். இதில் பேச்சைத் தொடங்கியவருக்கே முடிவு சொல்லும் உரிமை. மற்றவர் கேட்கலாம், தம் விருப்பத்தைக் காட்டலாம், அவ்வளவே. வாள் வீச்சில் தோற்றவள் இப்போது வாய்ப்பேச்சிலும் தோற்றாள்.

இதே லாரியன் 2014-இல் வெளியிட்ட ‘டிவினிட்டி: ஒரிஜினல் சின்’ இவ்வகையில் நேர்மையானது. அதில் தலைவர்கள் இருவர். திருடனை மன்னிப்பதா, தண்டிப்பதா என்பது போன்ற இடங்களில் இருவரையும் தனித்தனியே கேட்கிறது. கருத்து வேறுபட்டால் கல், தாள், கத்தரிக்கோல் ஆடித் தீர்த்துக்கொள்ள வேண்டும்! கதைத் தலைவி “எனக்கு இதில் உடன்பாடில்லை” என்று சொல்வதற்கு ஒரு பொத்தானே வைத்திருக்கிறார்களே, அதற்காகவே அவர்களைப் பாராட்டலாம். பெரிய செலவில் செய்த பிந்திய ஆட்டத்தில் இதை ஏன் விட்டார்களோ! ஆயினும் ஆங்கிலச் சுவர் இதிலும் உண்டு.

ஓவர்குக்ட் என்று ஒன்று, 2016-இல் வந்தது. சேர்ந்து சமைக்கும் விளையாட்டு. பலரும் சிபாரிசு செய்வார்கள். அக்காள் ஒரே வாக்கியத்தில் ஒதுக்கிவிட்டாள்: “நாள் முழுக்க நிக்கிறது போதாதா?”

ஸ்டார்டியூ வேலியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். எரிக் பரோன் என்ற தனி மனிதர் நான்கு ஆண்டுகளுக்கு மேல் உழைத்து 2016-இல் வெளியிட்ட பண்ணை விளையாட்டு இது. இருவர் சேர்ந்து ஆடும் வசதி 2018-இல் வந்தது. உழலாம், விதைக்கலாம், மாடு வளர்க்கலாம்; விரட்டுவார் இல்லை. இருவரும் படுக்கைக்குப் போனால்தான் அன்றைய பொழுது முடியும். ஒருவர் மட்டும் நாளை முடித்துக்கொள்ள முடியாது. பணமும் பொதுப்பை. வேண்டுமானால் ஊர்த்தலைவர் வீட்டுப் பேரேட்டில் பதிந்து அவரவர் பையைத் தனியே பிரித்துக்கொள்ளலாம்! முதல் வாரத்திலேயே அக்காள் பிரிக்கச் சொன்னாள். மாமா முகம் வாடிற்று. பிரித்த பிறகு அவள் சேர்த்த காசில் அவளே கோழிக்கூடு கட்டினாள். ஆனாலும் இந்த ஆட்டத்தில் ஓர் ஆபத்தைக் கண்டேன். நாள் போகப்போக மாமா சுரங்கத்துக்குள் பேய்களோடு போரிடப் போய்விட்டார். அக்காள் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். யாரும் அப்படிச் சொல்லவில்லை. வீட்டில் இருக்கும் பாகப்பிரிவினை தானாகவே உள்ளே நுழைந்துவிட்டது.

என் தேர்வு சுவீடன் நாட்டின் ஹேஸ்லைட் நிறுவனம் 2021-இல் வெளியிட்ட ‘இட் டேக்ஸ் டூ’. அவ்வாண்டின் சிறந்த விளையாட்டாகத் தி கேம் அவார்ட்ஸ் விழாவில் பரிசு பெற்றது. தனியே ஆடவே முடியாது. ஓரிடத்தில் கணவன் ஆணியை எறிந்து சுவரில் பதிக்கிறான்; மனைவி சுத்தியலை அதில் மாட்டி ஊஞ்சலாடித் தாண்டுகிறாள். அவன் எறியாவிட்டால் அவளுக்கு வழியில்லை. அவள் தாண்டாவிட்டால் அவன் நிற்கும் பலகை அசையாது. மாமாவின் இருபதாண்டுப் பயிற்சி இங்கே செல்லுபடியாகவில்லை. அக்காள் விழுந்தால் அவரும் காத்திருக்கத்தான் வேண்டும். ஒருவர் விலைக்கு வாங்கினால், வெளியூரிலிருக்கும் துணைவர் இலவசமாகவே சேர்ந்து ஆடலாம் என்பதும் நல்ல ஏற்பாடு.

குறை இல்லாமல் இல்லை. மகளை அழவைப்பதற்காக, உயிருக்குக் கெஞ்சும் யானைப் பொம்மையை இருவரும் கொல்லும் காட்சி ஒன்று உண்டு. அதை ஆடவே கை கூசியது. கதையும் மணமுறிவுக்கு நிற்கும் தம்பதியரைப் பற்றியது. தொலைபேசியில் கேள்விப்பட்ட எங்கள் அம்மா, “புதுசா கல்யாணமான வீட்ல இப்படி ஒரு கதையா?” என்று சத்தம் போட்டார்!

ஊருக்குத் திரும்புமுன் இன்னொன்றும் கொடுத்துவிட்டு வந்தேன். 2015-இல் கனடாவில் உருவான ‘கீப் டாக்கிங் அண்டு நோபடி எக்ஸ்ப்ளோட்ஸ்’. வெடிகுண்டு ஒருவர் திரையில். அதைச் செயலிழக்கச் செய்யும் கையேடு மற்றவர் கையில். ஒருவர் வைத்திருப்பதை மற்றவர் பார்க்கக்கூடாது. கையேடு இலவசம், அச்சிட்டுக்கொள்ளலாம். நான் இரண்டு இரவுகள் உட்கார்ந்து அதைத் தமிழில் எழுதினேன். மாமா கைப்பேசியில் குண்டைப் பிடித்துக்கொண்டு, “நாலு ஒயர், நாலு ஒயர்” என்று பதறுகிறார். அக்காள் 40 பக்க நோட்டைப் புரட்டி, “சிவப்பு எத்தனை? வரிசை எண்ணோட கடைசி இலக்கம் ஒற்றைப்படையா? முதல்ல அதைச் சொல்லுங்க” என்கிறாள்.

ஒரு பகுதியை மட்டும் என்னால் தமிழாக்க முடியவில்லை. ஒரே மாதிரி ஒலிக்கும் ஆங்கிலச் சொற்களை வைத்தே பின்னிய பொறி அது. அப்படியே ஆங்கில எழுத்தில் பார்த்து எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். போன வாரம் அக்காள் தொலைபேசியில் பேசினாள். மாமா அந்தச் சொற்களை வேகமாக உச்சரித்து மூன்று முறை குண்டை வெடிக்கவிட்டாராம். நான்காம் முறை, “சொல்லாதீங்க, எழுத்தெழுத்தா படிங்க” என்று நிறுத்தி, ஒவ்வோர் எழுத்தாய் நோட்டில் விரல் வைத்துப் பார்த்து அவள் சொன்ன பொத்தானை அவர் அழுத்தியிருக்கிறார். குண்டு வெடிக்கவில்லையாம்.