பாறையும் கடலும்: கிட்டிவேக்குப் புள்ளின் உறையுள்

ஓர் உயிர்க்கு உறையுள் யாது என வினவின், அது துயிலும் இடத்தையும் குஞ்சு பொரிக்கும் இடத்தையும் சுட்டிக் காட்டி அமைதலே பெரும்பாலார் இயல்பு. அவ்விடை குறைபாடுடையது. அக்குறைபாட்டினால் ஓர் அழகிய பறவையினம் இக்காலத்து அருகி வருகின்றது என்பதை எடுத்துக்காட்டுதலே இக்கட்டுரையின் நோக்கமாம்.

அப்பறவை கிட்டிவேக்கு என்பது. கடற்காக இனத்தைச் சார்ந்த இப்புள், தான் கூவும் ஒலியே பெயராகப் பெற்றது. வெள்ளிய உடலும், சாம்பல் நிறச் சிறகும், மையில் தோய்த்தெடுத்தாற் போன்ற கரிய சிறகு நுனியும் உடையது. பிரிட்டன், நார்வே, ஐஸ்லாந்து, கிரீன்லாந்து, கானடா முதலிய நாடுகளின் கடற்கரைகளிலும், ருஷியாவின் வடகோடியிலும், பசிபிக் கடல் சூழ்ந்த அலாஸ்காவிலும் இது இனம் பெருக்குகின்றது. மாரிக்காலம் முழுவதையும் கரை காணாத நடுக்கடலிற் கழித்து, இளவேனிலில் மட்டும் நிலத்தை நாடி வரும்.

அந்நிலமும் மற்றைப் பறவைகள் விரும்பும் நிலமன்று. கடலினின்றும் நிமிர்ந்தெழும் செங்குத்துப் பாறையின் முகத்தில், ஓரடி அகலமும் இல்லாத விளிம்புகளே இதற்கு மனையாகும். சேற்றையும் புல்லையும் கடற்பாசியையும் கொணர்ந்து, காலால் மிதித்து இறுக்கி, கிண்ணம் போன்ற கூட்டினை அமைக்கும். பெரும்பாலும் இரண்டு முட்டையிட்டு, ஏறத்தாழ 27 நாள் அடைகாக்கும். பார்ன் தீவுகளில் இப்பறவையை நுணுகி ஆராய்ந்த எஸ்தர் கல்லன் என்னும் அம்மையார், 1957-ல் வெளியிட்ட கட்டுரையில் வியத்தகு செய்திகளைக் கூறியுள்ளார். சமநிலத்திற் பிறக்கும் ஏனைய கடற்காகக் குஞ்சுகள் பகை கண்டவிடத்து ஓடி ஒளியும். மண்ணோடு மண்ணாய்த் தோன்றும் நிறமும் பெற்றிருக்கும். கிட்டிவேக்கின் குஞ்சோ வெண்ணிறமுடையது; பாறைச் சுவரை நோக்கியபடி கூட்டிலேயே அசையாதிருக்கும். நரி முதலியன அணுகவியலாத அவ்விடத்து ஒளிய வேண்டுவதில்லை. ஓடினாலோ கீழே கடல்தான். அண்டைக் கூட்டுக் குஞ்சு தன் கூட்டிற்கு நடந்து வருதல் இல்லாமையின், தாய்ப்பறவை இளங்குஞ்சினைத் தன்னது என்று வேறு பிரித்தறியவும் கற்றிலது. பாறையே இதன் பழக்கங்களை உருவாக்கிற்று என்னலாம்.

இங்ஙனமாயின் பாறையைக் காத்தால் பறவையைக் காத்ததாகும் என்று கருதுவது இயல்பே. முன்னோர் அங்ஙனமே கருதினர். அக்காலத்துக்கு அது சாலவும் பொருந்தியது. பத்தொன்பதாம் நூற்றாண்டில், யார்க்ஷயரின் பிளம்பரோ முனைச் சுண்ணாம்புப் பாறைகளில் உறைந்த கிட்டிவேக்குகளைப் படகேறிச் சுட்டு வீழ்த்துதல் பொழுதுபோக்காயிற்று. அவற்றின் சிறகுகள் மாதர் தொப்பிகளை அணி செய்தன. தாய் இறப்பக் குஞ்சுகள் பசித்து மடிந்தன. இக்கொடுமை கண்டு பிரிட்லிங்டன் நகரத்துக் குருவாகிய பார்ன்ஸ்-லாரன்ஸ் என்பார் கிளர்ச்சி செய்தார். பறவை நூற்புலவர் ஆல்பிரட் நியூட்டன் 1868-ல் அறிஞர் அவையில் எடுத்துரைத்தார். கிறிஸ்டபர் சைக்ஸ் என்னும் உறுப்பினர் பாராளுமன்றத்தில் மசோதாவைக் கொணர, 1869-ல் கடற்பறவைப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறிற்று. இனம் பெருக்கும் பருவத்திற் கொலை தடுக்கப்பட்டது. நல்லோர் சிலர் உளங்கொண்டால் நாட்டின் வழக்கமே மாறும் என்பதற்கு இது தக்க சான்று.

இன்று துப்பாக்கி ஓய்ந்துவிட்டது, பாறையும் நிற்கின்றது. எனினும் பறவை குறைகின்றது. 1970-களுக்குப் பின் உலகில் இதன் தொகை நூற்றுக்கு 40 பங்கு அளவில் வீழ்ந்தமையின், 2017-ல் இது அழிவுக்கு இலக்காகக்கூடிய இனங்களுள் ஒன்றாக வைக்கப்பட்டது. காரணம் பாறையிலன்று, கடலிலே உளது. கில்லமாட்டு முதலிய பறவைகள் ஆழ மூழ்கி இரை தேடவல்லன. கிட்டிவேக்கோ நீரின் மேற்பரப்பிற் கிடைப்பதையே பற்றும். வட கடலில் அது குஞ்சுக்கு ஊட்டும் சிறந்த உணவு சேண்டீல் என்னும் சிறுமீன். அம்மீன் உண்ணும் நுண்ணுயிர்கள், கடல் வெப்பமுற வெப்பமுற வடக்கே பெயர்கின்றன. மேலும் அம்மீனை வாரி, எண்ணெயாகவும், கால்நடைக்கும் வளர்ப்பு மீனுக்கும் தீனியாகவும் ஆக்கினர். ஸ்காத்லாந்தின் கீழ்கரையில் இம்மீன்பிடி நிகழ்ந்த 1990-களில் அண்மைத் தீவின் கிட்டிவேக்குக் குஞ்சுகள் குறைவாகவே தேறின. 2000-ல் அப்பகுதி மூடப்பட்டது. 2024-ல் வட கடலின் ஆங்கிலப் பகுதியிலும் ஸ்காத்லாந்துக் கடல் முழுவதிலும் சேண்டீல் பிடித்தல் தடுக்கப்பட்டது.

ஈண்டு ஒரு தடை எழும். மீனவர் பிழைப்பினும் பறவையின் பிழைப்புப் பெரிதோ என்பர் சிலர். மீனவர் துயரை எளிதென எண்ணுதல் அறமன்று. தொழிலிழந்தார்க்கு அரசினர் வழிகாட்டுதல் கடன். ஆயினும் இம்மீன் ஏழையின் கலத்திற் சேரும் மீன் அன்று, தீனியாலைக்குச் செல்வது. தீனிக்கு வேறு பொருள் தேடலாம். குஞ்சுக்கு வேறு கடல் தேடவியலாது.

இவ்வுண்மையை நியூகாசில் நகரத்துக் கிட்டிவேக்குகளே விளங்கக் காட்டுகின்றன. அங்கே, கடலினின்றும் ஏறத்தாழ 8 மைல் உள்ளே, 1928-ல் திறக்கப்பெற்ற டைன் பாலத்திலும் சுற்றுக் கட்டடங்களிலும் இவை கூடு கட்டுகின்றன. இரும்பு விளிம்பையே பாறை விளிம்பாகக் கொண்டுவிட்டன! ஆற்றின் மறுகரையில் பழைய மாவாலையைக் கலைக்கூடமாக மாற்ற முற்பட்டபோது, அதிற் குடியிருந்த பறவைகளுக்கென்று 1998-ல் தனிக் கோபுரமும் எழுப்பினர். எச்சமும் கூச்சலும் தொல்லை என முறையிடுவாரும் உளர். ஆயினும் சில திங்கள் விருந்தினரைப் பொறுத்தல் பெருநகரத்திற்கு அரிதன்று. நாம் கருதவேண்டுவது ஒன்றே. பாறை இல்லையேல் பாலம் உதவும். பாலம் இல்லையேல் கோபுரம் எழுப்பலாம். கடலுக்கு ஈடாக எதனை எழுப்புவோம்? பாலத்திற் பொரித்த குஞ்சிற்கும் இரை கடலினின்றே வரவேண்டும்.

தமிழ் பயில்வார்க்கு இக்கருத்துப் புதிதன்று. நிலத்தோடு பொழுதையும் சேர்த்து முதற்பொருள் என்றும், புள்ளோடு உணவையும் சேர்த்துக் கருப்பொருள் என்றும் தொகுத்தவர் தொல்காப்பியனார். நிலம், பொழுது, உணவு ஆகிய மூன்றும் ஒருங்கு கூடிய வழியே ஒரு புள்ளுக்கு உறையுள் அமையும். பருவம் தவறாது பறவை வந்தும், பருவத்து மீன் வாராதாயின், பாறை வெறும் கல்லே.

ஆதலின், நண்பர்காள், 1869-ஆம் ஆண்டினர் பாறையைக் காத்துத் தம் கடன் கழித்தனர். கடலைக் காத்தல் நம் காலத்தார் கடன். மீன்பிடிக்கு எல்லை வகுத்தல் சட்டத்தால் இயலும். கடலின் வெப்பம் தணித்தலோ, கரியும் எண்ணெயும் எரிக்கும் எல்லா நாட்டு மக்களையும் சார்ந்தது. அவ்வெல்லாருள் நாமும் அடங்குவோம்.