ஃபில்லர் ஊசி: மலிவு விலையில் கிடைக்காத மாற்று மருந்து

முகச் சுருக்கத்தையும் ஒட்டிய கன்னத்தையும் நிரப்பும் ஃபில்லர் ஊசி ஒரு காலத்தில் கோலாலம்பூரின் வசதி படைத்தோர் விவகாரமாக இருந்தது. இன்று பெஸ்தாரி ஜெயா, ஈஜோக், ஜெராம் வட்டாரப் பெண்களின் கைப்பேசிக்கும் அதன் விளம்பரம் வந்து சேர்கிறது. கிளினிக் விலையில் பாதி, வீட்டுக்கே வந்து போடுகிறோம் என்கிற ரக விளம்பரங்கள்தாம் கவலைக்குரியவை.

இதற்கு ஆசைப்படுவோரைக் கிண்டல் செய்வதில் அர்த்தமில்லை. செம்பனைத் தோட்டத்தில் இருபது, முப்பது ஆண்டுகள் வெயிலில் நின்ற முகம், அலுவலகத்தில் அமர்ந்த முகத்தைவிடச் சீக்கிரம் சுருங்கும். சூரியனின் புற ஊதாக் கதிர்கள் தோலைத் தாங்கும் கொலாஜனை அரித்துவிடுகின்றன. வயது ஏற ஏற முகக் கொழுப்பும் எலும்பும் குறைகின்றன. கடைவாய்ப் பற்களை இழந்தவர்களுக்குக் கன்னம் இன்னும் உள்வாங்கும். இவர்களில் சிலருக்குத் தேவை ஊசியே அல்ல, பல்செட். அரசாங்கப் பல் கிளினிக்கில் அதைக் குறைந்த செலவில் செய்துகொள்ளலாம் என்பதை எந்த விளம்பரமும் சொல்லப் போவதில்லை.

இன்று பெரும்பாலும் பயன்படும் ஃபில்லர், ஹையலுரோனிக் அமிலம் என்ற கூழ். நம் தோலிலேயே இயல்பாக இருக்கும் பொருள்தான். ஆறு மாதம் முதல் ஒன்றரை ஆண்டு வரை தாக்குப்பிடித்து, பிறகு கரைந்துவிடும். தகுதியான கைகளில் இது பெரும்பாலும் பாதுகாப்பானதே. ஆபத்து ஊசி முனை போகும் இடத்தில் இருக்கிறது. புருவங்களுக்கு நடுவிலும் மூக்கிலும் ஓடும் நாளங்கள் கண்ணுக்குப் போகும் நாளத்தோடு இணைந்தவை. கூழ் தவறி நாளத்துக்குள் புகுந்தால் தோல் கருத்து அழுகலாம், பார்வையும் போகலாம். ஃபில்லரால் பார்வை பாதிக்கப்பட்ட 98 சம்பவங்களை உலகெங்கிலுமிருந்து திரட்டிய ஓர் ஆய்வு 2015இல் வெளிவந்தது. அடுத்த சில ஆண்டுகளில் மேலும் 48 சம்பவங்கள் பதிவாயின. கோடிக்கணக்கில் போடப்படும் ஊசியில் இது அபூர்வம்தான். ஆனால் போன பார்வை திரும்புவதும் அபூர்வம்.

நாளம் அடைபட்டால் ஹையலுரோனிடேஸ் என்ற மருந்தைச் செலுத்திக் கூழைக் கரைக்க முடியும். தோலைக் காப்பாற்ற இது பெரிதும் உதவுகிறது. கண் விஷயத்தில் அவகாசம் மிகக் குறைவு, ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்துக்குள் ரத்த ஓட்டம் திரும்பியாக வேண்டும். முறையான கிளினிக்கில் இந்த மருந்து கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். ஊசிப் பையோடு வீட்டுக்கு வருபவரிடம் இருக்குமா? உள்தோட்டத்து வீட்டிலிருந்து தஞ்சோங் காராங் மருத்துவமனைக்குப் போய், அங்கிருந்து கண் சிறப்பு மருத்துவரைத் தேடி சுங்கை பூலோவுக்கோ செலாயாங்கிற்கோ புறப்பட்டால், பாதி வழியிலேயே அந்த அவகாசம் தீர்ந்துவிடும். போட்டது திரவ சிலிகோன் என்றால் கரைக்க மருந்தே கிடையாது. புட்டியில் என்ன இருந்தது என்பதே பல நேரங்களில் தெரியாது.

சட்டத்தில் குழப்பமில்லை. ஃபில்லர் போடுவது மருத்துவச் சிகிச்சை, அழகுச் சேவை அல்ல. அழகுக்கலையில் எஸ்கேஎம் சான்றிதழ் வைத்திருப்பவருக்கும் இந்த ஊசியைப் போட அனுமதி இல்லை. பொது மருத்துவராக இருந்தாலும், அழகியல் சிகிச்சைக்கென சுகாதார அமைச்சு வழங்கும் எல்சிபி என்ற தனி அங்கீகாரம் வேண்டும். ஃபில்லரும் மருத்துவக் கருவிகள் ஆணையத்தில் பதிவானதாக இருக்க வேண்டும். பதிவில்லாத கிளினிக்கை நடத்தும் தனிநபருக்கு 1998ஆம் ஆண்டு தனியார் சுகாதாரப் பராமரிப்பு வசதிகள், சேவைகள் சட்டத்தின்படி 300,000 ரிங்கிட் வரை அபராதம், ஆறாண்டு வரை சிறை அல்லது இரண்டும் விதிக்கப்படலாம்.

இவ்வளவு கடுமையான சட்டம் இருந்தும் 2020 அக்டோபரில் செராஸில் ஓர் அழகு நிலையத்தில் கொழுப்பு உறிஞ்சும் சிகிச்சை செய்துகொண்ட 23 வயதுப் பெண் உயிரிழந்தார். அது ஃபில்லர் அல்ல என்றாலும், மருத்துவம் அழகு நிலையத்துக்குள் நுழையும் கதை ஒன்றுதான். முகவரி உள்ள கடையையாவது அமலாக்க அதிகாரிகள் சோதனையிடலாம். வாட்ஸ்அப் எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போகிறவரை எங்கே போய்ப் பிடிப்பது? பாதிக்கப்பட்டவர் வாய் திறந்தால்தான் உண்டு. இங்கேதான் சிக்கல். கணவருக்குத் தெரியாமல் போட்டது, கூட்டுப் பிடித்த காசு, அக்கம்பக்கத்தார் என்ன சொல்வார்களோ என்ற பயம், இவையெல்லாம் வாயை அடைத்துவிடுகின்றன. மருத்துவமனைக்குப் போனாலும் ஏதோ ஒவ்வாமை என்று மறைத்துச் சொல்வோரால் டாக்டருக்கும் நேரம் விரயமாகிறது.

விலையும் ஒரு காரணம். 2025 பிப்ரவரியில் குறைந்தபட்ச சம்பளம் 1,700 ரிங்கிட்டாக உயர்ந்தது. கிளினிக்கில் ஒரு மில்லிலிட்டர் ஃபில்லருக்கே பெரும்பாலும் அதில் பாதிக்கு மேல் போய்விடும். அரை விலைக்குக் கிடைத்தால் மனம் சாய்வது இயல்பு. டாக்டரின் தகுதி, பதிவான மருந்து, அவசரத்துக்கான மாற்று மருந்து ஆகியவற்றை வெட்டித்தான் அந்த அரை விலை வருகிறது.

ஊசி போடச் சம்மதிக்கும் முன் டாக்டரின் முழுப் பெயரைக் கேட்டு மலேசிய மருத்துவ மன்றத்தின் இணையப் பதிவேட்டில் தேடலாம். எல்சிபி எண்ணைக் கேட்கலாம். உறையைக் கண்முன்னே பிரிக்கச் சொல்லி, லேபிளைப் படம் பிடித்துக்கொள்ளலாம். ஊசி போடும்போதோ போட்ட பின்போ கடும் வலி, தோல் வெளுத்துப் போதல், பார்வை மங்கல் தெரிந்தால் காலை வரை காத்திருக்காமல் உடனே அவசரப் பிரிவுக்குப் போய், ஃபில்லர் போட்டேன் என்று முதல் வார்த்தையிலேயே சொல்ல வேண்டும். புகாரை சிலாங்கூர் மாநில சுகாதார இலாகாவின் தனியார் மருத்துவக் கட்டுப்பாட்டுப் பிரிவில் கொடுக்கலாம். அந்த லேபிள் படம் அங்கேயும் உதவும்.