வலது மூலையில் நிற்பவர்

சம்பா அறுவடை முடிந்த கீழ்வேளூர் வயலில், மாலையானால் பள்ளிப் பையன்கள் கோடு கிழித்துக் கபடி ஆடுகிறார்கள். பாடிப் போகத்தான் எல்லோருக்கும் ஆசை. மூலையில் நின்று காலைப் பிடிக்க ஆளில்லை. நம் தஞ்சைச் சீமைக்காரர் தர்மராஜ் சேரலாதன் வலது மூலையில் நின்றே பேர் வாங்கியவர். 2014இல் புரோ கபடி லீக் தொடங்கியபோது அவருக்கு வயது 39. மற்றவர்கள் மூட்டுக்குத் தைலம் தேடும் வயது! 2016இல் அந்த லீக்கில் பாட்னா பைரேட்ஸ் அணியின் கேப்டனாகக் கோப்பையைத் தூக்கினார். அதே ஆண்டு உலகக் கோப்பை வென்ற இந்திய அணியிலும் இருந்தார். அந்த ஆட்டமெல்லாம் செயற்கை விரிப்பில், ஷூ காலோடு. நம் பையன்களுக்கோ வெறுங்காலும் கட்டாந்தரையும். விரிப்பில் முதன்முதலாக ஏறி வழுக்குகிறவனிடம் 'பயிற்சி போதாது' என்பது நியாயமா? பள்ளிக்கு ஒன்று வேண்டாம். ஒன்றியத்துக்கு ஒரு விரிப்பாவது போடட்டும், ஐப்பசி மழையில் நனையாதபடி மேலே ஒரு கூரையும்.