வேலி தரும் பசளை

கமக்காரருக்கு வேலி என்பது காவல் மட்டுமன்று. யாழ்ப்பாணக் குடாநாட்டில் பூவரசு, முள்முருக்கு முதலியவற்றின் குழையை வெட்டித் தோட்டத்திலும் வயலிலும் தாழ்ப்பது தலைமுறைகளாக நிலவிவந்த வழக்கமாகும். இன்று பல ஊர்களில் அவ்வேலிகள் நின்ற இடத்தில் மதிலும் முட்கம்பியும் நிற்கின்றன. வேலிக் கதியாலைப் பிடுங்கி எறிந்துவிட்டு, பசளைப் பைக்காகக் கடன்படுவது சிக்கனமாகாது.

2021ஆம் ஆண்டு மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டது. அவ்வாண்டு நவம்பரில் தடை நீக்கப்பட்டது. அவ்விடைக்காலத்தில் கமக்காரர் அடைந்த துன்பம் இரு பாடங்களைப் புகட்டுகின்றது. குழையொன்றையே நம்பி முழு விளைச்சலையும் எதிர்பார்த்தல் தவறு. குழையே இல்லாத நிலையில் அகப்பட்டுக்கொள்வதும் தவறு. ஒரு தொன் பச்சைச் சீமைக்கிளுவைக் குழையிலிருந்து ஏறத்தாழ 6 முதல் 8 கிலோகிராம் வரையான நைதரசன் கிடைக்கும். இஃது ஏறக்குறைய 15 கிலோகிராம் யூரியாவிலுள்ள நைதரசனுக்கு ஒப்பாகும். நெற்பயிரின் தேவை இதனினும் பல மடங்காதலின், குழை யூரியாவுக்கு முழு மாற்றன்று. செலவைக் குறைக்கும் துணையாகும். யூரியா கொடாத சேதனப் பொருளையும் அது மண்ணுக்கு அளிக்கின்றது.

விரைந்து வளரும் மரங்கள் யாவும் நன்மை தருவனவல்ல. அம்பாந்தோட்டைப் பகுதியில் உவர் நிலத்தைச் சீராக்குமென நடப்பட்ட சீமைக்கருவேல், பின்னர் பூந்தலவிலே புதர்க்காடாகப் பரவிற்று. ஆதலின் மரத்தை இனங்கண்ட பின்னரே நடுதல் வேண்டும். கிளிசிரிடியா எனப்படும் சீமைக்கிளுவை அவரையினத்தைச் சேர்ந்தது. ஒரு காம்பின் இருமருங்கும் பல சிற்றிலைகளும் நுனியில் ஒரு சிற்றிலையும் இருக்கும். இலையுதிர்ந்த கிளைகளில் இளஞ்சிவப்புப் பூக்கள் கொத்தாக மலரும். பின்னர் தட்டையான காய்கள் தோன்றும். பெயரால் ஒத்த நாட்டுக் கிளுவையோ வேறு குடும்பத்தது. அதன் சிற்றிலைகள் சிலவே. கிளையை ஒடித்தால் பிசின் மணம் வீசும். அது வேலிக்கு உதவுமாயினும், வேர்முடிச்சுகளால் வளிமண்டல நைதரசனைப் பதிப்பதில்லை.

மாரி மழை தொடங்கும்போது கதியால் நடுதல் நன்று. முற்றிய, நோயற்ற கிளைகளில் 5 அல்லது 6 அடி நீளமும், ஒன்றரை அங்குலத்துக்குக் குறையாத பருமனும் உள்ள தடிகளை வெட்டல் வேண்டும். மேல்முனையைச் சாய்வாக வெட்டினால் மழைநீர் தேங்காது. அடிமுனை கீழேயிருக்க ஓரடி ஆழத்தில் நட்டு மண்ணை இறுக்குதல் வேண்டும். கதியாலின் வேர் ஆழமாகச் செல்லாது. கடுங்காற்றையும் வரட்சியையும் தாங்கவேண்டிய இடங்களில் விதையிட்டு வளர்த்த கன்றுகளே உகந்தவை. முதலாண்டில் வெட்டாது விட்டால் வேர் வலுப்பெறும். பின்னர் பூக்குமுன் வெட்டி வந்தால் ஆண்டுக்குச் சில தடவை குழை கிடைக்கும். சேற்றுழவில் நடுகைக்கு இரு வாரம் முன்னரே அதனைத் தாழ்த்தல் நன்று. விதையும் பட்டையும் நச்சுத்தன்மை உடையவை என்பதையும் மறத்தலாகாது.

வேலி போடுவதற்கு எவ்வாறேனும் பணம் செலவாகும். கம்பி ஆண்டுதோறும் துருப்பிடிக்கும். கதியாலோ ஆண்டுதோறும் தழைக்கும். எல்லை முழுவதையும் ஒரே மாரியில் மாற்ற வேண்டியதில்லை. ஒரு பக்க வேலியோடு தொடங்கினாற் போதும். வேலியே பயிரை மேய்ந்ததெனக் குறைகூறும் பழமொழி நம்மிடையே உண்டு. பயிருக்கு உணவூட்டும் வேலியை வளர்ப்பது கமக்காரர் கையிலேயே உள்ளது.