கீரை அடையும் கால் கிலோ மாவும்

மரக்காணம் உப்பளப் பக்கம் கடை வைத்திருக்கும் வணிக அன்பர்களுக்கு நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஐப்பசி மழை இறங்கினால் பாத்திகள் மூழ்கும், கூலி நிற்கும். அந்நாட்களில் கைகொடுப்பது, கேழ்வரகு மாவில் முருங்கைக் கீரையும் வெங்காயமும் பிசைந்து தட்டும் அடைதான். (பிரான்சின் நீஸ் நகரத்தாரும் கீரையை மாவுக்குள் பொதிந்து சுடுகிறார்கள், அதில் உலர்திராட்சையும் சர்க்கரையும் சேர்ப்பார்களாம்! புதுவை பக்கத்திலிருந்தும் அந்தப் பழக்கம் நமக்கு ஒட்டவில்லை.)

கீரை கொல்லையில் கிடைக்கும். மாவுக்கும் எண்ணெய்க்கும் நம்மிடம்தான் வரவேண்டும். நம்மில் சிலரோ கிலோ பாக்கெட் மட்டுமே வைக்கிறோம். எடை போடும் வேலை மிச்சமாம். கால் கிலோ கேட்டு வந்தவர் வெறுங்கையோடு திரும்பினால், மறுநாள் பருப்புக்கும் வேறு கடைக்குத்தான் போவார்.

பாக்கெட்டில் அடைத்து லேபிள் ஒட்டிய மாவுக்கு 2022 ஜூலை 18 முதல் 5 சதவீத ஜி.எஸ்.டி. வந்தது. சில்லறையாக நிறுத்துக் கொடுப்பதற்கு வரியில்லை. பூச்சி விழும் என்று அஞ்சுவோர் பத்துப் பத்துக் கிலோவாக அரைத்து வைக்கலாமே. மழைக்கு முன் தராசைத் துடைத்து வைப்போம். பழைய பாக்கியை, பாத்தி கட்டத் தொடங்கும் தை மாதத்தில் பேசிக்கொள்ளலாம்.