கோர்ட் கட்ட 80 டர்ன்!

நீங்கதான் ராஜா. தலைநகர்ல அரண்மனை, சுத்தி நாலு ஊர், கஜானா ஃபுல். சும்மா இருப்போமா? கண்டத்தோட அந்தக் கோடி வரைக்கும் ஊர் ஊராப் பிடிச்சுப் போடறோம். ஊர் ரெண்டு மடங்கு ஆச்சு. வரி? அதே பழைய வரிதான்!

2001-ல் வெளிவந்த ‘சிவிலைசேஷன் 3’ ஆடின எல்லோருக்கும் இந்த வயித்தெரிச்சல் உண்டு. தலைநகரை விட்டுத் தள்ளிப் போகப் போக ஊழல் ஏறும். ஊர்களோட எண்ணிக்கை அளவு மீறினாலும் ஏறும். வரிப்பணம் பாதி வழியிலேயே காணாமப் போகும், உற்பத்தியும் வீணாகும்.

மருந்து இருக்கு பாஸ். கோர்ட்! விலை 80 ஷீல்டு. ஆனா, முழுசாக் கெட்டுப்போன ஊர் ஒரு டர்னுக்கு 1 ஷீல்டுதான் தரும். கணக்குப் போடுங்க... 80 டர்ன்! நோய் முத்தின ஊருக்குத்தான் மருந்து அவசரம். அந்த ஊராலதான் மருந்து வாங்க முடியாது. என் முதல் ஆட்டம் இப்படித்தான் ஊத்திக்கிச்சு.

அப்புறம்தான் புத்தி வந்தது. நடுத்தர தூரத்துல இருக்கற, பாதி கெட்ட ஊர்கள்ல முதல்லயே கோர்ட். அங்கேதான் காப்பாத்தறதுக்கு ஏதாவது மிச்சம் இருக்கும். தொலைதூர ஊர்களுக்கு நடுவுல ‘ஃபர்பிடன் பேலஸ்’. அது ரெண்டாவது தலைநகர் மாதிரி. சுத்தி இருக்கற ஊர்களுக்கு அரசாங்கம் கிட்ட வந்துடும். ஆட்சிமுறையும் முக்கியம். சர்வாதிகாரத்துல கொள்ளை போறது, ஜனநாயகத்துக்கு மாறினா வெகுவா குறையும்.

இன்னொரு விஷயம். இந்த கேம்ல இந்தியா ‘வணிக’ நாடு. அதனால நமக்கு ஊழல் கொஞ்சம் கம்மி! சிரிக்காதீங்கப்பா, நிஜமாத்தான்.

2005-ல் வந்த நாலாம் பாகத்துல ஊழலையே தூக்கிட்டு, ஒவ்வொரு ஊருக்கும் பராமரிப்புச் செலவு வெச்சாங்க. அதைப் பாதியாக் குறைக்கவும் அதே கோர்ட்தான்!

கோபப்பட்டு ஊழலை ஒழிக்க இந்த கேம்ல பட்டனே கிடையாது. போர்ல ஜெயிச்ச சந்தோஷத்துல இருக்கும்போதே, போரடிக்கிற ஒரு கட்டடத்தை சீக்கிரமா கட்டி வைக்கணும். அவ்வளவுதான் ரகசியம்.

இது தெரிஞ்சும் அடுத்த ஆட்டத்துல முதல்ல குதிரைப்படைதான் செஞ்சேன். அரியர் பேப்பரைக் கடைசி ராத்திரி படிக்கிற பய, வேற என்ன செய்வான் மச்சி?